டப்பாவில் எட்டு மணி நேரம்

பிப்ரவரி 11
டைம் ஆபீஸ், பஸ் டிப்போ

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

உன்னோடு போனில் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் அழைப்பு வந்தால் போனை உன் மகளிடம் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் நின்றுகொள்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் கடிதம் கப்பலுக்கு வந்து சேரும் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

அவளை வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்தது நீதான். அந்த வக்கீல் நேற்றுப் பள்ளியில் வழக்காடிவிட்டு வந்திருக்கிறாள். வெளியூரில் இருக்கும் அப்பாக்கள் திரும்பி வரும்போது என்ன கொண்டுவருவார்கள் என்று டீச்சர் கேட்டாராம். ஒருத்தி பொம்மை என்றாள், ஒருவன் சைக்கிள் என்றான். நம் ஆள் எழுந்து நின்று, "எட்டு மணி நேரம்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் விடவில்லை. கப்பல் மேற்கே போகப் போக ராத்திரியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் இனாம், அதை அப்பா பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறார், இதுவரை எட்டு சேர்ந்திருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பொய் சொல்லலைங்க. நிஜமாவே நம்புறா. அதான் பயமா இருக்கு" என்றார்.

எட்டு வயதில் பிள்ளைகள் எதையாவது நம்பத்தான் செய்யும். நானும் விட்டிருப்பேன். ஆனால் நாட்காட்டியில் நீ வரும் நாளை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்கு நீ குளிப்பதற்கு முன்னால், சாப்பிடுவதற்கு முன்னால், முதலில் டப்பாவைத் திறக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.

குழந்தையின் காதில் பூ சுற்றியவன் நீ. நீயே எடு.

அக்கா

பிப்ரவரி 24
கப்பலில், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பக்கென்றது. அப்புறம் சந்தோஷப்பட்டேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய் என்றாலும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

டப்பா விஷயம் நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் என் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, "நான் ஸ்கூலுக்குப் போறப்போ நீ ஏன்பா தூங்குவே? உன் சூரியன் லேட்டா?" என்று பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குக் கேள்வி. கடைசியில் தப்பிப்பதற்காக, "போகும் வழியில் மணி நேரம் இனாமாகத் தருவார்கள், உனக்குச் சேர்த்துவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா அடுப்பின் முன்னால் நின்றபடி, "உங்க அப்பாவுக்கு இனாம்னா போதும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

டப்பா நிஜமாகவே இருக்கிறது. கடிகாரம் மாறும் நாளில் இரண்டாம் அதிகாரி ஒரு சீட்டு எழுதி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார். 'இன்றிரவு கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால்' என்று. மறுநாள் காலை அந்தச் சீட்டைக் கிழிக்காமல் எடுத்து டப்பாவில் போடுவேன். போட்டதும் அவளுக்குச் செய்தி அனுப்புவேன். அவள் வீட்டில் பிரிட்ஜ்மேல் வைத்திருக்கும் 'அப்பா கடிகாரத்தை' ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவாள். இப்படி எட்டுச் சீட்டு இருக்கிறது.

உலக உருண்டை, சூரியன் எல்லாம் நீ அவளுக்கு எடுத்துச் சொல்லேன். தினம் நேரத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. ஒரு பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவர் உன் ஜன்னல் பக்கம் வரவே பயப்படுவான். நான் இருபத்திரண்டு பேருக்குச் சமைப்பவன். எனக்கு நேரம் என்றால் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு. நான் வரும்போது டப்பாவுக்குள் ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிப் போட்டுக் கொண்டுவருகிறேன். அதைப் பார்த்தால் மறந்துவிடுவாள்.

அன்றைக்கு லைன் கிடைக்கவில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அதை இனியும் இழுக்காதே, அக்கா.

தம்பி

மார்ச் 6
டைம் ஆபீஸ்

தம்பிக்கு,

சொல்லிப் பார்த்தேன். என் மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

பள்ளி விட்டதும் அவள் இங்கேதான் வருவாள். என் ஷிப்ட் முடியும்வரை பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தேன். இது நாம், இது அப்பா. ஒரு கண்டக்டரின் டார்ச்சை வாங்கிச் சூரியன் என்றேன். பழத்தைச் சுற்றினேன். பாதி டிப்போ ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"இந்தப் பக்கம் வெளிச்சம், அதனால நமக்குப் பகல். அந்தப் பக்கம் இருட்டு, அப்பாவுக்கு ராத்திரி. புரியுதா?"

"புரியுது அத்தை. நேத்து எந்தப் பக்கம் இருக்கு?"

நேற்று பழத்தில் எங்கேயும் இல்லை என்றேன். "இப்ப நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை விடியக்காலைன்னா அப்பாவுக்கு இன்னும் திங்கக்கிழமைதானே? அப்ப நம்ம நேத்து அப்பாகிட்ட இருக்கு" என்றாள். ஜன்னலில் நின்ற டிரைவர், "பாப்பா சொல்றது சரிதானேம்மா" என்றான். அவனை வண்டியை எடுக்கச் சொல்லி விரட்டினேன்.

பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன், எட்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று. இந்தத் தடவை சொன்னாள்.

"எட்டும் வேண்டாம் அத்தை. மிச்சம் ஏழையும் அப்பாவே வெச்சுக்கட்டும். ஆறாவது மட்டும்தான் வேணும்."

"அதென்ன ஆறாவது?"

"ஆஸ்பத்திரில அம்மா அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் போனைக் கையில பிடிச்சுட்டே உக்காந்திருந்தாங்கல்ல. அதுக்கு முந்தின ராத்திரிதான் அப்பாவுக்கு ஆறாவது கிடைச்சுது. அம்மாகிட்ட ஒரு மணி நேரம் வீணாப் போச்சு. அப்பாகிட்ட ஒரு மணி நேரம் கூடிப்போச்சு. அப்ப அது அம்மாவோடதுதானே?"

நான் டைம் கீப்பராக இருபது வருஷம் வேலை பார்க்கிறேன். குனிந்து ஆரஞ்சுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

இனியும் இழுக்காதே என்கிறாய். நான் இழுக்கவில்லை, உன் மகள் இழுத்திருக்கிறாள். அதனால் சொல்கிறேன், கேள். நவம்பர் பத்தொன்பது. மூன்றாம் மாடி வார்டில் பார்வையாளர் நேரம் ஐந்திலிருந்து ஆறு. அந்த நேரத்தில்தான் நோயாளி கையில் போன் கொடுக்கலாம். நீ ஐந்து மணிக்கு அழைப்பதாகச் சொன்னாய். நாங்கள் உள்ளே போனதுமே உன் மனைவி தலையைச் சீவிவிடச் சொன்னாள். போனில் முகம் தெரியாது என்று சொன்னேன், பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். ஐந்து ஐந்துக்குச் சிரித்தாள். ஐந்து இருபதுக்கு, "அவர் சமையல் முடிச்சிருக்கமாட்டார்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. ஐந்தே முக்காலுக்குப் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து எங்களை வெளியே போகச் சொன்னான். மறுநாள் விடியற்காலை நாலு இருபதுக்கு அவள் போய்விட்டாள்.

கைக்கடிகாரம் வாங்கி வருகிறாயாம். வாங்கி உன் கையில் கட்டிக்கொள்.

அக்கா

மார்ச் 19
கப்பலில்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாவு டின்னின் மூடிமேல் வைத்துப் படித்தேன். நான்கு நாளாக அங்கேயேதான் இருக்கிறது. பூசி மெழுகி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

கப்பல் சமையலறையில் என் அடுப்புக்கு மேலே இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். இடது பக்கம் கப்பல் நேரம். வலது பக்கம் நம் வீட்டு நேரம். சீட்டு ஒட்டிய இரவு இடது பக்கத்தை மட்டும் திருப்ப வேண்டும். வலது பக்கத்தைத் தொடவே கூடாது. வீடு எங்கேயும் போகவில்லையே.

நவம்பர் பதினெட்டாம் தேதி இரவு அவளுடைய உடம்பைப் பற்றி நீ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, எதையும் யோசிக்காமல் ஸ்டூல்மேல் ஏறினேன். இடது கடிகாரத்தைத் திருப்பினேன். கை அதே வேகத்தில் வலது பக்கம் போய் அதையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டது. இறங்கி வந்து படுத்துவிட்டேன். அங்கே எட்டு வயதுப் பெண் தன் அப்பா கடிகாரத்தைச் சரியாகத் திருப்பியிருக்கிறாள். இங்கே அப்பன் தப்பாகத் திருப்பினான்.

அதுவரைக்கும் நம் ஐந்து மணி என்றால் எனக்கு மதியம் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு மணிக்கு வலது கடிகாரம் ஐந்து காட்டியது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேப்டன் அறைக்கு ஓடினேன். உனக்கு அப்போது மணி ஆறு. மணி அடித்தது, பிறகு நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், போன் அணைத்திருக்கிறது என்றது. மூன்று தடவை போட்டேன். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்து சாப்பாடு பரிமாறினேன். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அக்கா.

அன்று இரவு மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நீ அனுப்பிய செய்தியைப் படித்துக் காட்டினார். காலை நாலு இருபது என்றார். நான் நிமிர்ந்து வலது கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் மணி மூன்று ஐம்பது.

என் கடிகாரப்படி அவளுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. யாரோ தப்பாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள், நடக்காத ஒன்றைச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கேப்டன் போன பிறகும் மாவுக் கையோடு அந்தக் கடிகாரத்துக்கு முன்னால் நின்றேன். அது நாலு இருபதைத் தொடும்வரை நின்றேன். தொட்டது. அப்போதுதான் முந்தின இரவு ஸ்டூலில் ஏறியது ஞாபகம் வந்தது.

உன்னிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி உண்மை ஆகிவிட்டது. வக்கீல் ஆறாவது மணி நேரத்தைக் கேட்கிறாள் என்று படித்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். என்னிடம் அந்தச் சீட்டு இருக்கிறது. அவள் கேட்பது இல்லை.

இதை அவளுக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். என்னால் முடியவில்லை.

தம்பி

மார்ச் 30

தம்பி,

உன் கடிதம் வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு இப்போது எதுவும் எழுத வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று நீ கிடந்து தவிக்கக் கூடாது என்பதற்காக இது.

அக்கா

ஏப்ரல் 2
வீட்டில்

தம்பி,

மூன்று நாளாக டிப்போவில் தப்பாகக் குறிக்கிறேன். நேற்று ஏழு பத்து வண்டியை ஏழு ஐம்பது என்று எழுதிவிட்டேன். டிரைவரே வந்து திருத்தச் சொன்னான்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையது ஒன்று இருக்கிறது.

லைன் சரியாகத்தான் இருந்தது. ஆறு மணி நாலு நிமிஷம். நானும் வக்கீலும் இரண்டாம் மாடிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். என் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், உன் கப்பல் நம்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் அவள் அம்மா கண்ணை எடுக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். கட் பண்ணினேன். பிறகு அணைத்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாட்ச்மேன் பின்னாலேயே இறங்கி வந்துகொண்டிருந்தான். மணி அடித்தது அவனுக்கும் கேட்டது. "அந்த போன்தாங்களா? ரெண்டு நிமிஷம் மேல போய்க் குடுத்துட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். நான், "வேண்டாம்பா, நேரம் முடிஞ்சிடுச்சு. நாளைக்குப் பேசிக்கட்டும்" என்றேன். அந்த மனுஷன் விதியைத் தளர்த்த வந்தான். நான் விதி பேசினேன்.

நாலு மாதமாக உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். நீ பிந்தினாய், நீ பிந்தினாய் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தால் நான் கட் பண்ணியது கேட்காது, அதற்காக. உன்னோடு போனில் பேசாததற்கும் அதுதான் காரணம். உன் குரல் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

நீ பிந்தியது ஒரு மணி நேரம். அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டது நான்.

என்ன வேண்டுமானாலும் எழுது.

அக்கா

ஏப்ரல் 16
கப்பலில், கிழக்கே திரும்பிவிட்டோம்

அக்காவுக்கு,

என்ன வேண்டுமானாலும் எழுதச் சொன்னாய். எழுதினேன். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து எனக்கே படிக்க முடியாது என்பதால் தப்பித்தாய். இரண்டு நாள் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். பாத்திரங்களை அடித்த அடியில் இரண்டாம் அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவளுடைய குரலை இரண்டு நிமிஷம் கேட்டிருக்கலாமே என்று அழுதேன்.

மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது வேறொன்று தோன்றியது. நாலு மாதமாக நீ அந்தப் படியிலேயே நின்றிருக்கிறாய். நான் ஸ்டூல்மேலேயே நின்றிருக்கிறேன். இரண்டு பேருமே நாளைக்குப் பேசிக்கலாம் என்றுதான் நினைத்தோம். அவள் பிழைத்திருந்தால் இதை வைத்து நம் இரண்டு பேரையும் வருஷக்கணக்கில் கேலி செய்திருப்பாள். இறங்கி வா அக்கா. நானும் இறங்கிவிட்டேன்.

கீழே இருப்பதை வக்கீலுக்குப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தை விடாமல்.

வக்கீலம்மா, அப்பா உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். டப்பாவில் சீட்டுத்தான் இருக்கிறது. மணி நேரம் இல்லை. மணி நேரத்தை யாராலும் எடுத்து வைக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் சாப்பாட்டு அறையில் மேஜைகள் வரிசையாக இருக்கின்றன. பானை ஒன்றுதான், சூப் ஒன்றுதான். முதல் மேஜையில் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த மேஜைக்குப் போவேன். கடைசி மேஜைக்காரர் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் மேஜைக்காரர் குடித்து முடித்துவிட்டதால் அவர் நாளைக்குப் போய்விடவில்லை. கடைசி மேஜைக்காரர் நேற்றைய சூப்பைக் குடிக்கவில்லை. சூரியனும் அப்படித்தான் ஒவ்வொரு ஊராக வருகிறது. நீ முன் மேஜை. அப்பா மேற்கே போகப் போக ஒவ்வொரு மேஜையாகப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை மாறி உட்காரும்போதும் சூப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதைத்தான் இனாம் என்று உன்னிடம் அளந்துவிட்டேன். இப்போது முன்னால் திரும்பி வருகிறேன். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மணி நேரம் திரும்பப் போகிறது. வீட்டுக்கு வரும்போது எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று. உன் கடிகாரத்தில் ஐந்து என்றால் அன்றைக்கு என் கடிகாரத்தில் பதினொன்று. இரண்டும் வேறு வேறு நேரம் இல்லை. நான் உனக்கு அப்பா, அத்தைக்குத் தம்பி, கப்பலில் சமையல்காரன். மூன்று பெயர், ஆள் நான் ஒருத்தன். அந்த மாதிரி ஒரே நேரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர்.

அம்மா போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். என் அடுப்புக்கு மேலே நம் வீட்டு நேரம் காட்டும் கடிகாரத்தை அப்பா தப்பாகத் திருப்பி வைத்திருந்தேன். அது என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெங்காயம் நறுக்கிக்கொண்டு, எப்போது ஐந்து ஆகும் என்று அதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்காகக் காத்திருந்தாள், நான் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். இரண்டும் ஒரே ஒரு மணி நேரம். அது தொலையவில்லை, டப்பாவிலும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சேர்ந்து செலவழித்துவிட்டோம். அதைத் திருப்பித் தர அப்பாவிடம் வழியில்லை, கண்ணு.

தம்பி

ஏப்ரல் 27
வீட்டில்

தம்பிக்கு,

படித்துக் காட்டினேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்து, ஒரு வார்த்தை விடாமல். சூப் வந்ததும், "கடைசி மேஜைக்குப் போறதுக்குள்ள ஆறிடாதா?" என்றாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்று பெயர், ஆள் ஒருத்தன் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, பிரிட்ஜ்மேல் இருக்கும் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையாட்டினாள். மேலே படித்தேன்.

முடிந்ததும், "அப்ப அந்த ஒரு மணி நேரம் யார்கிட்டயும் இல்லையா அத்தை?" என்றாள். இல்லை என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை மடித்து வைத்தேன். வேறு யார் தப்பும் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளலாமா? மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். படியில் வைத்து போன் வந்தது, நான்தான் கட் பண்ணினேன் என்று.

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்" என்றாள்.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்க. சொல்லாமலே சமையல் ரூம்ல நின்னு அழறீங்க." அப்புறம் மேஜைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அதுக்குத்தான் அப்பாகிட்ட அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டேன். அது வந்துட்டா மறுபடி மணி அஞ்சாயிடும். அப்பா அஞ்சு மணிக்கே பேசிடுவாங்க. நீங்க கட் பண்ணினதே இருக்காது."

தம்பி, நாம் இரண்டு பேரும் அவள் அம்மாவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தோம். அவள் எனக்காகக் கேட்டிருக்கிறாள். என்னைக் காப்பாற்ற நாலு மாதமாக உன் டப்பாவை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள், வகுப்பு முழுக்கச் சிரித்தும். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "அப்பாவும் தப்பாத் திருப்பினாங்க, நீங்களும் கட் பண்ணினீங்க. சமமாப் போச்சு" என்றாள். தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாதாம்.

டப்பாவை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். காலியாகவே இருக்கட்டுமாம். திறந்து பார்க்காமல் நம்பமாட்டாளாம்.

அக்கா

மே 12
கப்பலில், வீட்டுக்கு முந்தின துறைமுகத்தில்

அக்காவுக்கு,

சூப் ஆறாது, மூடி போட்டிருக்கிறேன் என்று வக்கீலிடம் சொல்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு தடவை கடிகாரம் முன்னால் போகும்போதும் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கடலில் போட்டேன். எட்டாவது, ஏழாவது இரண்டும் சுலபமாகப் போயின. ஆறாவது சீட்டை எடுக்க மனசு வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தால் கடிகாரம் என்னைக் கேட்காமலே முன்னால் போயிருந்தது, காலைச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அதையும் போட்டேன். மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகப் போயின. டப்பா காலி. நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை அடுப்புக்கு மேலே பார்த்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு இடது கடிகாரமும் வலது கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றைக் கழற்றிவிடலாமா என்று ஆட்கள் கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

நாங்கள் வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும். இந்தக் கடிதம் மூன்று நாளில் உன் கையில் இருக்கும். சனிக்கிழமை போன் செய்கிறேன். போனை வக்கீலிடம் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குப் போகாதே, உன்னிடம்தான் முதலில் பேச வேண்டும். மாலை ஐந்து மணி. என் ஐந்தும் உன் ஐந்தும் ஒன்றுதான், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

எடு, அக்கா.

தம்பி